பதினோரு மார்க்

மார்க் போடுவதில் அகல்யாவுக்கு ஒருநாளும் கை நடுங்கியதில்லை. மராத்தி பேசும் நகரம் ஒன்றின் விஷ்ராந்த்வாடிப் பகுதியில் தன் வீட்டு ஹாலிலேயே பதினைந்து வருஷமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். வழி சரியாக இருந்து விடை தப்பினால் எத்தனை, விடை மட்டும் சரியாக இருந்தால் எத்தனை என்று அவளுக்கென்று ஒரு தர்மம் உண்டு. அழுதாலும் அரை மார்க் ஏறாது. அதனால்தானோ என்னவோ, வைஷாலி அந்தக் கேள்வித்தாளைக் காட்டியபோது அகல்யாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

வைஷாலிக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. அகல்யாவிடம் படித்த பெண் ஒருத்தியின் அம்மா. வீடில்லாதவர்களுக்காக மாநகராட்சி ஒரு பழைய பள்ளிக்கூடத்தைக் காப்பகமாக மாற்றியிருந்தது. அறுபது கட்டில். இந்த வருஷ பட்ஜெட்டில் அதற்கு மேல் ஒரு கட்டில் போடவும் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் படுப்பவர்களை எண்ணிப் பார்த்ததில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

"முன்னாடியெல்லாம் வார்டு கவுன்சிலர் லெட்டர் கொடுப்பார். லெட்டர் இருந்தால் கட்டில்," என்றாள் வைஷாலி இந்தியில். "அப்படி வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த வீடு இருந்தது. வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்து படுத்தார்கள். பத்து வருஷம் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போய்த்தான் இந்த மார்க் முறைக்குச் சண்டை போட்டேன்."

இருபது கேள்விகள். வேலை இல்லையா, இரண்டு மார்க். தீராத வியாதியா, இரண்டு. குடிப்பழக்கம், வலிப்பு, போலீஸ் அடி, குடும்பத்தோடு பேச்சில்லாமை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. தெருவிலேயே விட்டால் யார் சீக்கிரம் செத்துப்போவாரோ அவருக்குத்தான் முதல் கட்டில். சிபாரிசு கிடையாது, சாதி கிடையாது, தெரிந்தவர் தெரியாதவர் கிடையாது. உலகத்தில் இப்படி ஒரு காரியமாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று அகல்யா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கேம்ப் என்று சொல்லும் கன்டோன்மென்ட் கடைத்தெருப் பகுதியின் ஓரத்தில் தமிழ் பேசும் ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை அவளுக்கு ஒதுக்கினார்கள்.

சுப்பையாவை அவள் அப்படித்தான் சந்தித்தாள். ஜனவரி மாதம், காலை ஏழு மணி. ஒரு அரசாங்க அலுவலகத்தின் நீண்ட மதில் சுவர். அந்தச் சாலையில் இந்தப் பக்கம் மாநகராட்சி, எதிர்ப்பக்கம் கன்டோன்மென்ட். கணக்கெடுப்பு இந்தப் பக்கம் படுப்பவர்களுக்கு மட்டும்தான். சுப்பையா போர்வையை நான்காக மடித்து, அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே ஒரு செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். அறுபதுக்குப் பக்கமான வயது. சவரம் செய்த முகம், நெற்றியில் திருநீறு. பக்கத்தில் இன்னொருவர் கோணிமேல் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தமிழுங்களா?" என்று அகல்யா கேட்டதும் சுப்பையாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"அட, நம்மூருப் பேச்சு! கோயமுத்தூரா தாயி? நான் கோவில்பட்டிப் பக்கம். இருங்க, டீ வாங்கியாரேன்."

"வேண்டாமுங்க. நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்."

"டீ குடிக்காமப் பேச முடியாது," என்று சொல்லி வாங்கி வந்தே விட்டார். நடக்கும்போது இடது காலை லேசாக இழுத்தார். லுங்கி பாதத்தை மறைத்துத் தொங்கியது.

கேம்பில் ஒரு தமிழ் மெஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் சமையல் செய்தவர் சுப்பையா. மெஸ்ஸிலேயே படுக்கை. கொரோனாவில் மெஸ் மூடியது, முதலாளி ஊருக்குப் போனார், கட்டடத்தை விற்றார்கள். அதன் பிறகு ஒரு இட்லி வண்டிக்காரரிடம் காலையில் சட்னி அரைத்து, பாத்திரம் கழுவிக் கொடுக்கும் வேலை. சாப்பாட்டுக்கு ஆகும். அறை எடுக்க ஆகாது. மூன்று வருஷமாக மதில் சுவர்தான்.

"வேலை இருக்குதுங்களா?"

"இருக்கே. வேலை இல்லாம ஒருநாள் இருந்ததில்ல."

பூஜ்யம்.

"வீட்டு ஆளுங்களோட பேச்சுவார்த்தை?"

"ஒத்த மக. சிவகாசில கட்டிக் குடுத்திருக்கு. ஞாயித்துக்கெழம தவறாமப் பேசிருவேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரூம்ல இருக்கேன்னு சொல்லியிருக்கேன் தாயி. அத மட்டும் எழுதிராதீக."

பூஜ்யம்.

"குடிப்பழக்கம்?"

அவர் முகம் மாறியது. "எங்க முதலாளி என்கிட்டக் கல்லாவ விட்டுட்டு ஊருக்குப் போவாரு. குடிக்கிறவன்கிட்ட விடுவாரா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறதுங்க. போலீஸ் அடிச்சிருக்காங்களா?"

"என்னைய எதுக்கு அடிக்கான்?"

"உடம்புக்கு ஏதாச்சும்? சுகர், பிரஷர்?"

"சாமி புண்ணியத்துல ஒண்ணுமில்ல."

"காலுங்க?"

சுப்பையா லுங்கியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "செருப்புக் கடி."

அது செருப்புக் கடி இல்லை என்று அகல்யாவுக்குத் தெரிந்தது. துணி சுற்றியிருந்த பாதம் வீங்கியிருந்தது. தாளின் கடைசியில் 'விசாரிப்பவர் நேரில் கண்டது' என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று மார்க் வரை அதில் போடலாம். ஆனால் அந்த மனிதர் வாயால் இல்லை என்று சொன்னதை அவள் எப்படி உண்டு என்று எழுதுவது? அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். வயதுக்கு இரண்டு, தெருவில் கழித்த வருஷங்களுக்கு இரண்டு. ஆக மொத்தம் நான்கு.

பீடி குடித்துக்கொண்டிருந்தவர் பெயர் முகமது ரஃபீக். கேம்ப் கடைகளுக்குக் கைவண்டியில் துணி மூட்டை இழுத்தவர். அவரிடம் இந்தியில் கேட்டாள். ரஃபீக் ஒரு கேள்விக்கும் யோசிக்கவில்லை. குடிப்பேன், தினமும். நெஞ்சு வலி உண்டு. போலீஸ்காரன் போன மாசம்கூட அடித்தான், இதோ தழும்பு. வீடா, பத்து வருஷமாக யாரும் என் மூஞ்சியில் விழிப்பதில்லை. பதினான்கு மார்க்.

மார்ச்சில் பட்டியல் வந்தது. அறுபதாவது ஆளுக்குப் பதினொன்று. ரஃபீக்குக்குக் கட்டில் கிடைத்தது. சுப்பையா தன் கையாலேயே ரஃபீக்கின் கோணியைச் சுருட்டிக் கட்டி, ஆட்டோவரை தூக்கி வந்து வைத்தாராம். அகல்யா தனக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தக் காலிக் கட்டத்தில் முழு மார்க் போட்டிருந்தாலும் ஏழுதான் வந்திருக்கும். எப்படியும் கிடைத்திருக்காது. இந்தக் கணக்கை அவள் ஒரு தடவை போடவில்லை, பல தடவை போட்டாள்.

ஜூலையில், மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரம், ரஃபீக் போன் செய்தார். காப்பகத்தின் நோட்டீஸ் பலகையில் அவள் நம்பர் இருந்ததாம்.

"மேடம், உங்க ஊர் ஆள் காலைக் கொஞ்சம் வந்து பாருங்க. நாறுது. இட்லி வண்டிக்காரன் இனிமே வராதேன்னு சொல்லிட்டான். சாப்பிடுறவங்க காலைப் பார்க்குறாங்களாம். என் கட்டில்ல படுத்துக்கோ, நான் சுவத்துக்குப் போறேன்னு சொன்னேன். காப்பகத்துல விட மாட்டேங்கறாங்க. பேர் மாத்தக்கூடாதாம்."

அகல்யா போய்ப் பார்த்தாள். சுப்பையா மதில் சுவரில் நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டி அதற்குள் உட்கார்ந்திருந்தார். அன்றும் சவரம் செய்திருந்தார். அன்றும் திருநீறு இருந்தது. பாதத்தில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. நான் கூட வர்றேன்."

"போனா வெட்டணும்பாக. மழை விட்டா ஆறிரும் தாயி."

"ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமுங்க."

"ஆறிரும்," என்றார் திரும்பவும். அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மருந்துக்கடையில் வாங்கி வந்த களிம்பையும் கட்டுத்துணியையும் கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அகல்யாவின் மனதில் மகள் ஸ்நேஹாவின் அறைதான் இருந்தது. ஸ்நேஹா பெங்களூரில் படிக்கப் போனபிறகு அந்த அறையில் ஒரு ட்ரெட்மில் நின்றது, அதன்மேல் துணி காய்ந்தது. கணவர் ராம்பிரசாத் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பாவம்," என்றார். பிறகு அவள் கேட்காமலேயே, "நம்ம அபார்ட்மென்ட் சொசைட்டில இதெல்லாம் விடமாட்டாங்க அகல்யா. வாடகைக்கு இருக்கற பேச்சலருக்கே என்னென்ன ரூல் போட்டிருக்காங்க," என்றார். நான் அதைக் கேட்கவே இல்லையே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்காமல் விட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் பின்னாட்களில் அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருக்கும்.

காப்பகத்தில் ஆறு கட்டில் காலியாகியிருந்தது. பட்டியலில் விட்டுப்போனவர்களுக்கு இரண்டாம் தடவை விசாரணை என்று வைஷாலி விசாரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டாள். ஒருவருக்கு ஒரு வருஷத்தில் ஒரு தடவைதான் மறுவிசாரணை. குறைந்தபட்சம் அதே பதினொன்று.

அன்று மதியம் ட்யூஷன் பிள்ளைகள் வருமுன் அகல்யா சாப்பாட்டு மேஜையில், இந்தத் தடவை தாளுக்குப் பதிலாகக் கொடுத்திருந்த டேப்லெட்டைத் திறந்தாள். சுப்பையா, பழைய மார்க் நான்கு. வேலை போய்விட்டது, இரண்டு. ஆறாத புண், இரண்டு. எட்டு. இவை இரண்டும் உண்மை. நேரில் கண்டதற்கான கட்டத்தை இந்தத் தடவை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஆள் இஷ்டத்துக்குப் போட்டுவிட்டார்களாம். மூன்று மார்க் குறைந்தது.

அவரிடம் போய்க் கேட்கலாம். கேட்டால் மாட்டேன் என்பார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவள் கேட்கப் போகவில்லை. குடிப்பழக்கம் என்ற இடத்தில் 'ஆம்' என்பதைத் தொட்டாள். வலிப்பு என்ற இடத்திலும் தொட்டாள். பன்னிரண்டு. வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கும் அரை மார்க் கூட்டிப் போடாதவள், நான்கு மார்க்கை ஒரு நிமிஷத்தில் போட்டு அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு மனம் லேசானது. அன்று பிள்ளைகளுக்கு வழக்கத்தைவிட நன்றாகவே பாடம் எடுத்தாள்.

நான்கு நாள் கழித்து வைஷாலியிடமிருந்து போன். "அகல்யா அக்கா, உங்க ஆள் மேல வந்துட்டார். ஆனா இந்தத் தடவை ஆபீசர் சாஹேப் பதினொண்ணும் அதுக்கு மேலயும் வாங்கின பன்னிரண்டு பேரையும் நேர்ல கூப்பிட்டுச் சரிபார்க்கறார். போன தடவை நிறைய பொய் இருந்ததுன்னு புகார். நாளைக்குக் காலை பதினொரு மணி, வார்டு ஆபீஸ். மொழிபெயர்க்க நீங்களும் வாங்க."

அகல்யா அன்று மாலையே ஆட்டோ பிடித்து மதில் சுவருக்கு ஓடினாள். தார்ப்பாய் இருந்தது, ஆள் இல்லை. ஏதோ கோயிலில் அன்னதானம் என்று போயிருக்கிறார் என்றார்கள். ஒரு மணிநேரம் நின்றாள். மழை வலுத்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தபோது சுப்பையா உள்ளே அதிகாரியின் மேஜை முன் உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை. ரஃபீக் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார். அகல்யாவைப் பார்த்ததும் சுப்பையா எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க," என்றாள்.

மொழிபெயர்ப்புக்கு வேலையே இருக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கேம்பில் இருந்தவருக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு.

"தாரு பீதே ஹோ?" என்றார் அதிகாரி, கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்த தாளைப் பார்த்தபடி. குடிப்பாயா?

"இல்லை சாஹேப். தொட்டதே இல்லை."

அதிகாரி நிமிர்ந்தார். "தொட்டதே இல்லையா?"

"என் மகள்மேல் சத்தியமாக."

"மிர்கி?"

சுப்பையாவுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. அகல்யாவைத் திரும்பிப் பார்த்தார். "மிர்கின்னா என்ன தாயி?"

அவள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தலைவலி என்று சொல்லியிருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பாரோ என்னவோ. ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது சரியான விடைதான்.

"வலிப்பு."

"எனக்கா? யாரு சொன்னா?" அவர் சிரிக்கக்கூடச் செய்தார். "இல்லை சாஹேப். வேறு யார் தாளோ மாறி வந்திருக்கு."

அதிகாரி தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "உன் பெயர்தானே? நீ சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறது."

சுப்பையாவுக்குப் படிக்க வராத எழுத்து அது. ஆனாலும் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அகல்யாவைப் பார்த்தார். வைஷாலியும் அகல்யாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எழுதினேன்," என்றாள் அகல்யா. "அவருக்குத் தெரியாது. அவர் காலைப் பாருங்க சார். காலைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

அதிகாரி காலைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியாது, அந்த அறை முழுக்க அந்த வாடைதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "மேடம், வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு கால். பொய்த் தாள் என்று தெரிந்தே ஒன்றை விட்டால், நாளைக்கே லெட்டர் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். லெட்டர் செல்லாது என்றால், மேடம் எழுதியது மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வேன்?"

வைஷாலி மராத்தியில் என்னென்னவோ கெஞ்சினாள். விதி மாறவில்லை. தவறான தகவல் கொடுத்த மனுவுக்கு ஒரு வருஷத் தடை. தகவலை யார் கொடுத்தார்கள் என்று கேட்க அந்த விதியில் இடமில்லை. அகல்யா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வைஷாலி அதை எடுத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வருத்தத்திலா என்று தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் சுப்பையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மார்க்குக்காக என்னையக் குடிகாரனாக்கிட்டீகளே தாயி," என்றார். சத்தம் போடவில்லை. "இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"நீங்க உள்ள போயிடணும்னுதானுங்க..."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

ஆட்டோ பிடித்துக் கொண்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று ரஃபீக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். ரஃபீக் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையில் திட்டு இல்லை. இதெல்லாம் தெரியாமலா இந்த வேலைக்கு வந்தாய் என்பதுபோல் இருந்தது.

ஆகஸ்டில் சுப்பையாவுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. ரஃபீக்தான் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சர்க்கரை நானூற்றுக்கு மேல். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பத்து நாளில் பாதத்தில் பாதியை எடுத்தார்கள். அகல்யா இரண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டு, பழத்தை ரஃபீக்கிடம் கொடுத்துத் திரும்பினாள்.

செப்டம்பர் கடைசியில், அகல்யா பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, வைஷாலி கூப்பிட்டாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கப் பேசினாள்.

"கட்டில் கிடைச்சுடுச்சு! சுப்பையா மாமாவுக்குக் கட்டில் கிடைச்சுடுச்சு. ஊனமுற்றவங்களுக்குத் தனிப் பட்டியல், அதுல மார்க்கும் வேண்டாம், தடையும் கிடையாது. டாக்டர் சான்றிதழ் வந்ததும் நானே நேரா சாஹேப்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டார். கேக்கறீங்களா, அகல்யா அக்கா?"

"கேக்கறேன்," என்றாள் அகல்யா. பாதிப் பாதம் போனதும் பட்டியல் மாறிவிட்டது. வைஷாலி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அவள்மேல் குற்றம் சொல்ல அகல்யாவால் முடியவில்லை. யார்மேல் சொல்வது என்று தேடிப் பார்த்து, ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் சாப்பாட்டு மேஜையில் தானும் அந்த டேப்லெட்டும்தான் மிச்சம்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை காப்பகத்துக்குப் போனாள். பழைய வகுப்பறை. கரும்பலகையை எடுக்காமல் விட்டிருந்தார்கள். பத்துக் கட்டில் வரிசையில் நான்காவது. சுப்பையா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். போர்வை மட்டும் அன்றைக்குப் போலவே நான்காக மடித்துத் தலைமாட்டில் இருந்தது.

"வாங்க," என்றார். தாயி என்று சொல்லவில்லை.

அவள் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்தாள். வலி இருக்கிறதா என்று கேட்டாள். ராத்திரியில் இல்லாத விரல் வலிக்கிறது என்றார். மகளிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவில் ஏதோ மராத்திப் பாட்டு வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்டார். "அந்தத் தாள்ல குடிக்கேன்னு எழுதியிருந்தீகளே, அது என்னாச்சு?"

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க," என்றாள் அகல்யா.

சுப்பையா அவளை நேராகப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல ஏத்துனத எப்படிக் கிழிப்பாக?"

வராந்தாவில் சாப்பாட்டு மணி அடித்தார்கள். கட்டில்களிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். ரஃபீக் அடுத்த அறையிலிருந்து இரண்டு தட்டோடு வந்து, அவளுக்கு ஒரு நமஸ்தே சொல்லிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார். சுப்பையா கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, கோலைக் கக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, தன் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.